குதிகால் எலும்பு

குதிகால் எலும்பு அல்லது குதியெலும்பு என்பது பாதத்தின் பின்பகுதியில், கணுக்காலுக்குக் கீழே அமைந்துள்ள எலும்பாகும். மனிதப் பாதமொன்றில் உள்ள 26 எலும்புகளுள் இதுவே மிகப் பெரியது. நிற்கும்போது உடலின் எடையைத் தரைக்குக் கடத்துவதும், நடக்கும்போது கெண்டைக்கால் தசைகளின் இழுப்பை ஏற்று உடலை முன்னோக்கித் தள்ள உதவுவதும் இதன் இரண்டு முதன்மையான பணிகளாகும்.

பின்னங்கால்கள் உள்ள பாலூட்டிகளில் இவ்வெலும்பு காணப்படுகின்றது. ஆடு, மாடு, நாய் முதலிய விலங்குகள் நடக்கும்போது இது தரையைத் தொடுவதில்லை. அவற்றில் இது ஒரு நெம்புகோலாக மட்டுமே பயன்படுகின்றது. மனிதனிலோ இதுவே நெம்புகோலாகவும் கட்டடத்தின் அடித்தளம் போன்றும் செயற்பட வேண்டியுள்ளது. மனிதக் குதிகாலின் வலிமைக்கும் அதற்கு நேரும் கேடுகளுக்கும் இந்த இரட்டைப் பணியே பெரிதும் காரணமாகும்.

மேடுபள்ளமான நிலத்தில் நடப்பதும் மரம் ஏறுவதும் அன்றாட வாழ்வின் பகுதியாக உள்ள இடங்களில் இவ்வெலும்பின் சிறப்பைத் தெளிவாகக் காணலாம். தமிழ்நாட்டின் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்துள்ள ஜவ்வாது மலை அத்தகைய ஓர் இடமாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். பின்வரும் எடுத்துக்காட்டுகள் சில இம்மலையையும் அதற்கு அண்மையிலுள்ள வேலூர்ப் பகுதியையும் சார்ந்தவை.

பெயர்

தமிழில் குதி, குதிகால், குதிங்கால் ஆகிய சொற்கள் பாதத்தின் பின்பகுதியைக் குறிக்கும். தாவுதலைக் குறிக்கும் குதி என்னும் வினைச்சொல்லும் இதே வடிவில் உள்ளது. மிக விரைந்து ஓடுவதைக் குதிகால் பிடரியில் பட ஓடுதல் எனக் கூறுவது தமிழ் வழக்கு.

மருத்துவ நூல்களில் இவ்வெலும்பு கல்கேனியசு எனப்படுகின்றது. இது குதிகாலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இவ்வெலும்பில் இணையும் பெரிய தசைநாண் கிரேக்கத் தொன்மக் கதையில் வரும் அக்கிலீசு என்னும் வீரனின் பெயரால் அழைக்கப்படுகின்றது. அக்கதையின் பிற்கால வடிவத்தில் அக்கிலீசின் தாய் அவனைக் குதிகாலில் பிடித்துக்கொண்டு ஆற்றுநீரில் அமிழ்த்துகின்றாள். நீர் படாத அந்த இடம் மட்டும் காயப்படக்கூடியதாக எஞ்சுகின்றது. பிளெமிய உடற்கூற்றியலாளர் பிலிப் வெர்ஃகெயன் 1693 இல் வெளியிட்ட நூலில் இத்தசைநாணுக்கு அவ்வீரனின் பெயரைப் பயன்படுத்தினார்.

அமைப்பு

குதிகால் எலும்பு ஒழுங்கற்ற நீள்பெட்டி போன்ற வடிவமுடையது. வளர்ந்தவர்களில் இதன் நீளம் ஏறத்தாழ 7 முதல் 8 செ.மீ. வரை இருக்கும். கணுக்கால் பகுதியில் உள்ள ஏழு எலும்புகளுள் இரண்டுடன் இது மூட்டுகளை அமைக்கின்றது. மேலே கணுவெலும்பு இதன்மீது அமர்ந்துள்ளது. முன்னே கனவடிவ எலும்பு இதனோடு பொருந்துகின்றது.

மேற்புறம்: கணுவெலும்புடன் பொருந்துவதற்காக இங்கு மூன்று வழவழப்பான மூட்டுப் பரப்புகள் உள்ளன. அவற்றுள் பின்னே இருப்பது பெரியது. உடலின் எடை பெரும்பாலும் இதன் வழியாகவே குதிகால் எலும்புக்கு வந்து சேர்கின்றது.

உட்புறம்: இங்கிருந்து ஒரு சிறு மேடை அலமாரித் தட்டுப் போல நீட்டிக்கொண்டிருக்கின்றது. அது கணுவெலும்பின் உட்பகுதியைத் தாங்குகின்றது. அதன் அடியிலுள்ள பள்ளத்தின் வழியாகக் கால் பெருவிரலை மடக்கும் தசைநாண் செல்கின்றது.

பின்புறம்: இதன் நடுப்பகுதியில் அக்கிலீசுத் தசைநாண் இணைகின்றது. கெண்டைக்காலில் உள்ள இரண்டு பெரிய தசைகள் ஒன்றுகூடி இத்தசைநாணை உருவாக்குகின்றன. மனித உடலில் உள்ள தசைநாண்களுள் இதுவே தடிமனும் வலிமையும் மிக்கது.

அடிப்புறம்: இங்குள்ள உட்பக்கப் புடைப்பிலிருந்து உள்ளங்கால் நாண்படலம் தொடங்கி விரல்களை நோக்கிச் செல்கின்றது. வில்லின் நாண் வில்லை வளைத்து வைத்திருப்பதுபோல இப்படலம் பாதத்தின் வளைவைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வெலும்பின் வெளிச்சுவர் மெல்லியது. உள்ளே கடற்பஞ்சு போன்ற எலும்புத்திசு நிறைந்துள்ளது. அத்திசுவின் நுண்ணிய இழைகள் தாறுமாறாக அமையாமல், சுமையும் இழுப்பும் செல்லும் திசைகளிலேயே வரிசையாக அமைந்துள்ளன. சுமை குறைவாகச் செல்லும் ஒரு முக்கோணப் பகுதியில் இழைகள் மிக அரிதாக உள்ளன. இதனை ஊடுகதிர்ப் படத்தில் காணலாம். பாலம் கட்டும் பொறியாளர் தேவையான இடத்தில் மட்டும் உத்திரங்களை வைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்னும் விதியை செருமானிய அறுவை மருத்துவர் யூலியசு வோல்ஃபு 1892 இல் நூலாக வெளியிட்டார்.

எலும்புக்கும் தோலுக்கும் இடையே குதிகால் மெத்தை உள்ளது. இதன் தடிமன் ஏறத்தாழ 2 செ.மீ. ஆகும். கொழுப்பு இங்கே தேனடையில் தேன் இருப்பதுபோலச் சிறு சிறு அறைகளில் அடைபட்டுள்ளது. அறைச் சுவர்கள் உறுதியான நார்களால் ஆனவை. ஆகையால் எடை விழும்போது கொழுப்புப் பக்கவாட்டில் பிதுங்கி ஓடிவிடாமல் அதிர்ச்சியைத் தாங்குகின்றது. இந்த அறைகள் ஒருமுறை சிதைந்தால் முன்போல் மீண்டும் அமைவதில்லை.

வளர்ச்சி

பிறப்பதற்கு முன்பே, கருவின் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில், குருத்தெலும்பாக இருக்கும் குதிகால் எலும்பாக மாறத் தொடங்குகின்றது. கணுக்கால் எலும்புகளுள் முதலில் எலும்பாவது இதுவே. பின்னர்ச் சிறுவயதில் இதன் பின்முனையில் தனியாக ஒரு வளர்ச்சித் துண்டு தோன்றுகின்றது. பதின்ம வயதின் நடுப்பகுதியில் அத்துண்டு முதன்மை எலும்புடன் இணைந்துவிடும்.

இணைவதற்கு முன்னுள்ள ஆண்டுகளில், ஓடியாடி விளையாடும் சிறுவர்களுக்கு அவ்விடத்தில் வலி உண்டாவது உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜேம்சு செவர் 1912 இல் இதனை விவரித்தமையால் இது செவர் நோய் எனப்படுகின்றது. இது தற்காலிகமானது. ஓய்வு கொடுத்தால் தணியும்; வளர்ச்சி முடிந்ததும் நீங்கிவிடும்.

நெம்புகோலாகச் செயற்படும் விதம்

முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தும்போது குதிகால் எலும்பு நெம்புகோலின் ஒரு கையாகச் செயற்படுகின்றது. எளிய கணக்கொன்றின் மூலம் இதிலுள்ள விசைகளை அறியலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில், குதிகாலை உயர்த்தி நிற்கின்றார் எனக் கொள்வோம். கணுக்கால் மூட்டிலிருந்து முன்பாதம் ஊன்றும் இடம் 13 செ.மீ. முன்னே உள்ளது, தசைநாண் இணையும் இடம் 5 செ.மீ. பின்னே உள்ளது. இருபுறமும் சமநிலை பெற வேண்டுமானால் தசைநாண் 60 × 13 ÷ 5, அதாவது 156 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்க வேண்டும். கணுக்கால் மூட்டோ இவ்விரண்டின் கூட்டுத்தொகையான 216 கிலோவைத் தாங்க வேண்டும். அசையாது நிற்பதற்கே உடல் எடையைப்போல மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட சுமை மூட்டில் விழுகின்றது. ஓடும்போது தசைநாணின் இழுப்பு மட்டுமே உடல் எடையின் ஆறு மடங்கையும் கடந்து செல்லும்.

குதிகால் எலும்புக்கும் கணுவெலும்புக்கும் இடையிலுள்ள மூட்டு வேறொரு பணியையும் செய்கின்றது. கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் அசைக்கின்றது. இம்மூட்டோ பாதத்தை உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் சாய்க்கின்றது. மலைச்சரிவின் குறுக்கே செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடப்பவரின் ஒரு பாதம் உட்புறமாகவும் மறுபாதம் வெளிப்புறமாகவும் சாய்ந்திருக்கும். உடல் நிமிர்ந்தே செல்லும். இம்மூட்டு இறுகிப்போனவர் சமதளத்தில் ஓரளவு இயல்பாக நடந்தாலும் கரடுமுரடான நிலத்தில் நடக்க மிகவும் இடர்ப்படுவார்.

விலங்குகளில் குதிகால் எலும்பு

ஆடு அல்லது மாட்டின் பின்னங்காலைப் பக்கவாட்டில் பார்த்தால், நடுவில் பின்னோக்கித் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டு ஒன்று தெரியும். அது பின்பக்கம் மடங்கும் முழங்கால் எனப் பலர் கருதுவர். உண்மையில் அதுவே அவ்விலங்கின் குதிகாலாகும். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றின் அருகில் உள்ளது. அது நம் முழங்காலைப் போலவே முன்னோக்கி அமைந்துள்ளது. குதிகாலுக்குக் கீழே தரைவரை உள்ள நீண்ட பகுதி முழுவதும் பாதமே. இறைச்சிக் கடைகளில் உரித்த ஆட்டைத் தலைகீழாகத் தொங்கவிடும்போது பின்னங்காலில் கொக்கி மாட்டப்படும் இடுக்கு, அக்கிலீசுத் தசைநாணுக்கும் கால் எலும்புக்கும் இடையே உள்ளது.

பாதத்தை ஊன்றும் முறைக்கேற்பப் பாலூட்டிகளை மூன்று வகையாகப் பிரிப்பர்.

குளம்பு ஊன்றிகள்: ஆடு, மாடு, மான், குதிரை முதலியன. இவை விரல் நுனியில் நடக்கின்றன. குதிகால் தரையிலிருந்து மிக உயரத்தில் உள்ளது. பாதம் நீண்டிருப்பதால் அடியின் நீளம் கூடுகின்றது.

விரல் ஊன்றிகள்: நாய், பூனை, சிறுத்தை முதலியன. இவற்றின் விரல்கள் தரையில் படியும், குதிகால் உயர்ந்திருக்கும்.

உள்ளங்கால் ஊன்றிகள்: மனிதன், கரடி முதலியன. குதிகால் தரையில் படியும். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் கரடியின் பின்னங்கால் தடம் மனிதனின் பாதத் தடத்தை ஒத்திருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் மனிதப் பாதத்தில் பெருவிரல் உட்பக்கம் இருக்க, கரடியின் பாதத்தில் பெரும்பாலும் வெளிப்பக்க விரலே பெரிதாக இருக்கும்.

நாட்டுக் குரங்குகள் பொதுவாகக் குதிகாலைச் சற்றே உயர்த்தி நடக்கின்றன. சிம்பன்சி, கொரில்லா ஆகியவை மனிதனைப் போலக் குதிகாலைத் தரையில் ஊன்றுகின்றன. யானையின் பாதம் தட்டையாகத் தோன்றினாலும், அதன் எலும்புகள் உள்ளே சாய்ந்து நிற்கின்றன. பின்னே உள்ள பெரிய கொழுப்பு மெத்தை எடையைப் பகிர்ந்துகொள்கின்றது.

தவளையின் பின்னங்காலில் குதிகால் எலும்பும் கணுவெலும்பும் நீண்டு, காலுக்கு மேலும் ஒரு கணு சேர்ந்தாற்போல் தோன்றுகின்றன. இதனால் தாவும் விசை கூடுகின்றது. தென்கிழக்காசியாவில் வாழும் டார்சியர் என்னும் சிறு விலங்கிலும் குதிகால் எலும்பு மிக நீண்டது. கணுக்கால் எலும்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. முதலைகளில் பின்னோக்கி நீண்ட குதிகால் புடைப்பு உண்டு. கோழி முதலிய பறவைகளில் இது தனி எலும்பாக இல்லை. கருவளர்ச்சியிலேயே கால் எலும்புடன் இணைந்துவிடுகின்றது.

நெம்புகோலின் பின்கை நீண்டிருந்தால் விசை மிகும். குறுகியிருந்தால் விரைவு மிகும். ஒரு விலங்கின் குதிகால் எலும்பை மட்டும் கொண்டே அது எவ்வாறு இயங்கியது என்பதைத் தொல்லுயிரியலாளர்கள் ஓரளவு ஊகிக்க முடிவதற்கு இந்த எளிய விதி உதவுகின்றது.

மனிதப் படிவளர்ச்சியில்

இரு கால்களில் நடக்கத் தொடங்கியபோது மனித மூதாதையரின் குதிகால் எலும்பு பெருத்தது. சிம்பன்சியின் குதிகால் எலும்பின் பின்பகுதி ஒடுங்கியது. மனிதனுடையது அகன்று, அடியில் இரண்டு புடைப்புகளுடன் அமைந்துள்ளது. மெல்லிய வெளிச்சுவரும் மிகுந்த பஞ்சுத் திசுவும் கொண்ட இந்த அமைப்பு, ஒவ்வோர் அடியிலும் குதிகால் தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்க ஏற்றது.

30 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஆசுத்திராலோபித்திக்கசு அஃபாரென்சிசு என்னும் இனத்தின் குதிகால் எலும்பு மனிதனுடையதைப் போன்று பெருத்திருந்தது. ஆனால் ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஆசுத்திராலோபித்திக்கசு செடிபா என்னும் இனத்தின் குதிகால் குரங்கினத்தை ஒத்து ஒடுங்கியிருந்தது. இரு கால் நடை ஒரே வழியில் வளரவில்லை என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

வெறுங்கால் நடை

காலணி அணியாது நடப்பது பாதத்தின் வளைவுக்கு நல்லதா என்பது நெடுநாள் ஆய்வுக்குரிய கேள்வியாக உள்ளது. இது பற்றிய புகழ்பெற்ற ஆய்வுகளுள் ஒன்று இந்தியாவில் நடந்தது. யு. பி. ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய மருத்துவர்கள் 2,300 சிறுவர்களின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992 இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்த சிறுவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலுடன் நடந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கே அது இருந்தது. குழந்தைப் பருவத்தில் மூடிய காலணிகள் பாத வளைவு உருவாவதைப் பாதிக்கலாம் என அவர்கள் கருதினர்.

இதனால் வெறுங்காலே எப்போதும் சிறந்தது என முடிவு செய்ய இயலாது. முள்ளும் கூரிய கல்லும் நிறைந்த நிலத்தில் வெறுங்கால் பல நோய்களுக்கு வாயிலாகின்றது. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டு நகரொன்றின் பெயரையே பெற்றுள்ளது. 1842 இல் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பாதம் வீங்கிப் பல துளைகளின் வழியே குருணை போன்ற துகள்கள் வெளிவரும் நோயை விவரித்தார். மதுரைக் கால் எனப்பட்ட இந்நோய்க்குப் பூஞ்சையே காரணம் எனக் கூறி, வாண்டைக் கார்ட்டர் 1860 இல் மைசெட்டோமா எனப் பெயரிட்டார். முள் குத்திய காயத்தின் வழியே மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ உட்புகுவதால் இது உண்டாகின்றது. தொடக்கத்தில் வலி இராது. அதனால் பலர் ஆண்டுக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை. முடிவில் குதிகால் உள்ளிட்ட பாத எலும்புகள் அரிக்கப்பட்டுவிடும். உலக நலவாழ்வு அமைப்பு 2016 இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

எலும்பு முறிவு

குதிகால் எலும்பு முறிவதற்கு முதன்மையான காரணம் உயரத்திலிருந்து விழுந்து குதிகால் தரையில் மோதுவதாகும். நகரங்களில் கட்டடத் தொழிலாளர்களுக்கும், ஊர்ப்புறங்களில் மரம் ஏறுவோருக்கும் இது நேர்கின்றது. புளி, பலா, கடுக்காய், தேன் ஆகியவை மக்களின் வருவாயில் இடம்பெறும் ஜவ்வாது மலை போன்ற பகுதிகளில் மரம் ஏறுவது தவிர்க்க இயலாத தொழிலாகும்.

3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒருவர் தரையை அடையும்போது மணிக்கு ஏறத்தாழ 28 கி.மீ. விரைவில் இருப்பார். அவ்விரைவு எவ்வளவு தொலைவில் அடங்குகின்றது என்பதே விளைவை முடிவு செய்கின்றது. முழங்காலை மடக்காமல் விறைப்பாக நின்றபடி விழுந்து, உடல் 5 செ.மீ. தொலைவுக்குள் நின்றுவிட்டால், சராசரியாக உடல் எடையைப்போல 60 மடங்கு விசை கால்களில் தாக்கும். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, உடல் 50 செ.மீ. தாழ்ந்து அடங்கினால் அதே விசை ஏறத்தாழ 7 மடங்காகக் குறையும். முன்பாதத்தில் இறங்கிக் காலை மடக்க வேண்டும் எனக் குதிக்கப் பழகுபவர்களுக்குக் கற்பிப்பதன் காரணம் இதுவே. ஆனால் எதிர்பாராமல் தவறி விழுபவருக்கு இதற்குரிய நேரம் வாய்ப்பதில்லை.

மோதும்போது மேலுள்ள கணுவெலும்பு ஆப்பினைப் போலக் குதிகால் எலும்புக்குள் இறங்குகின்றது. முட்டை ஓடு போன்ற மெல்லிய வெளிச்சுவர் பிளக்கின்றது. உள்ளிருக்கும் பஞ்சுத் திசு நசுங்குகின்றது. குதிகால் உயரம் குறைந்து, அகலம் கூடுகின்றது. முறிவுகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மூட்டுப் பரப்பையும் பாதிக்கின்றன. ஆசுத்திரிய மருத்துவர் லோரென்சு போலர் விளக்கிய கோணம் ஒன்றை ஊடுகதிர்ப் படத்தில் அளந்து, எலும்பு எவ்வளவு தாழ்ந்துள்ளது என மதிப்பிடுவர். இக்கோணம் இயல்பாக 20 முதல் 40 பாகை வரை இருக்கும். முறிந்தபின் குறைந்துவிடும்.

இத்தகைய விபத்தில் கவனிக்க வேண்டியவை:

விழுந்தவரை நடக்கவிடக் கூடாது. விசை குதிகாலோடு நிற்பதில்லை, முதுகெலும்புக்கும் ஏறுகின்றது. குதிகால் முறிந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பு முறிவும் இருக்கின்றது. முதுகு வலி இருப்பின் உடலை வளைக்காமல் பலகை போன்ற ஒன்றில் கிடத்தியே கொண்டுசெல்ல வேண்டும்.

மற்றைக் குதிகாலையும் ஆராய வேண்டும். இரண்டும் முறிந்திருக்கக் கூடும்.

எண்ணெய் தேய்த்து உருவுவதும் இறுக்கமாகக் கட்டுவதும் தீங்கானவை. குதிகால் விரைவில் வீங்கும். இறுகிய கட்டு குருதியோட்டத்தைத் தடுத்துவிடும். காலை உயர்த்தி வைத்து, அசையாமல் தளர்வாகத் தாங்க வேண்டும்.

எல்லா முறிவுகளுக்கும் அறுவை மருத்துவம் தேவையில்லை. தோல் கிழியாத, மூட்டைப் பாதித்த முறிவுகளைப் பற்றி ஐக்கிய இராச்சியத்தில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், ஈராண்டுகளுக்குப் பின் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் செய்துகொள்ளாதவர்களுக்கும் இடையே வலியிலோ இயக்கத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எந்த முறை ஏற்றது என்பது முறிவின் தன்மையையும் நோயாளியின் உடல்நிலையையும் பொறுத்தது. எவ்வாறாயினும், முழுமையாக எடையை ஊன்றப் பல வாரங்கள் ஆகும். கரடுமுரடான நிலத்தில் நடப்பதும் மீண்டும் மரம் ஏறுவதும் பலருக்குக் கடினமாகவே எஞ்சுகின்றன. நடந்தும் ஏறியும் பிழைப்பவருக்கு இது தொழிலை இழப்பதற்கு ஒப்பாகும்.

குதிகால் வலி

காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது உண்டாகும் குதிகால் வலி மிகப் பரவலானது. மக்கள் வழக்கில் இது குதிகால் வாதம் எனப்படுகின்றது. உள்ளங்கால் நாண்படலம் குதிகால் எலும்பில் தொடங்கும் இடத்தில் நைந்துபோவதே இதற்குப் பொதுவான காரணமாகும். ஊடுகதிர்ப் படத்தில் அவ்விடத்தில் முள் போன்ற எலும்பு வளர்ச்சி தெரிவதுண்டு. ஆயினும் வலியே இல்லாத பலருக்கும் அத்தகைய முள் உள்ளது. வலியுள்ள பலருக்கு அது இல்லை. ஆகையால் முள்ளை வலிக்குக் காரணமாகக் கொள்ள முடியாது. கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி மடக்கும் பயிற்சிகளாலும் மென்மையான காலணியாலும் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் இது தணிந்துவிடும்.

உணர்ச்சி இழந்த குதிகால்

குதிகாலுக்கு வலி தெரிவது ஒரு பாதுகாப்பு என்னும் உண்மை வேலூரில் நடந்த பணிகளால் உலகுக்குத் தெளிவாயிற்று. கொல்லிமலையில் 1914 இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், இலண்டனில் பயின்று, 1946 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் கை கால்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்பதே அக்காலத்தில் பரவலான கருத்து. நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கின்றது என்பதும், உணர்ச்சியற்ற கையும் காலும் அறியாமல் ஏற்படும் காயங்களாலேயே சிதைகின்றன என்பதும் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்துக் கண்டறிந்தவையாகும்.

நல்ல உணர்ச்சியுள்ளவர் நடக்கும்போது குதிகால் சற்று நோவுற்றாலும் தம்மையறியாமல் எடையை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வார். காலணியில் சிறு கல் இருந்தால் உடனே உதறுவார். உணர்ச்சி இழந்தவர் இவ்விரண்டையும் செய்வதில்லை. ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுந்திப் புண்ணாகின்றது. அப்புண்ணின் மேலேயே அவர் நடக்கின்றார். இத்தகைய புண்கள் முன்பாதத்தில்தான் மிகுதியாக வருகின்றன. குதிகாலில் வருபவை குறைவாயினும் ஆறுவதற்கு அரியவை. புண் ஆழமாகிக் கொழுப்பு மெத்தை அழிந்தால், தொற்று குதிகால் எலும்பையே அடைந்துவிடும்.

பிராண்டின் வாழ்வில் நடந்த நிகழ்ச்சியொன்றை அவரே தம் எழுத்துகளில் குறிப்பிட்டுள்ளார். 1950களில் இங்கிலாந்தில் நெடிய தொடர்வண்டிப் பயணத்துக்குப் பின் இரவில் காலுறையைக் கழற்றியபோது, தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாததை உணர்ந்தார். ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் தொற்றிவிட்டது எனக் கருதி இரவு முழுவதும் உறங்காமல் கழித்தார். காலையில் மீண்டும் குத்தியபோது வலித்தது. வண்டியில் ஒரே நிலையில் அமர்ந்திருந்ததால் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது. அந்த வலியை விடப் பெரிய மகிழ்ச்சியைத் தாம் அறிந்ததில்லை என்னும் பொருள்பட அவர் பின்னாளில் கூறிவந்தார்.

வேலூருக்கு அண்மையிலுள்ள கரிகிரியில் 1955 இல் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆய்வு நிலையத்தில் பாதப் புண்களுக்கான மருத்துவமும் காலணிகளும் தொடர்ந்து ஆராயப்பட்டன. நுண்துளைகள் கொண்ட மென்மையான இரப்பரால் ஆன செருப்பு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அது எடையைப் பாதம் முழுவதும் பரப்பி, ஓரிடத்தில் விழும் அழுத்தத்தைக் குறைக்கின்றது. பாதத்தோடு முழுவதும் பொருந்தும் சாந்துக்கட்டுப் போட்டுப் புண்ணை ஆற்றும் முறை 1930களில் இலங்கையிலும் இந்தியாவிலும் கையாளப்பட்டது. 1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குச் சென்ற பிராண்ட் அம்முறையை அங்கே பரப்பினார். நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்களுக்கு அது உலகெங்கும் இன்று பயன்படுகின்றது. அவர் 2003 இல் காலமானார்.

இந்தியாவில் 2022–23 ஆம் ஆண்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொழுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. பல மருந்துகளைச் சேர்த்து உண்ணும் முறையால் இந்நோய் முற்றிலும் குணமாகும். ஆனால் ஏற்கெனவே அழிந்த உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. இதைவிடப் பன்மடங்கு பெரிய எண்ணிக்கையில் நீரிழிவு நோயாளிகள் உள்ளனர். 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நாட்பட்ட நீரிழிவும் பாதத்தின் உணர்ச்சியை மழுக்குவதால் இவர்களுக்கும் அதே ஆபத்து உள்ளது.

உணர்ச்சி குறைந்த பாதமுடையோர் ஒவ்வொரு நாளும் மாலையில் தம் குதிகாலையும் உள்ளங்காலையும் கண்ணாடியில் பார்த்தோ பிறரைப் பார்க்கச் சொல்லியோ ஆராய வேண்டும். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு ஆகியவை தென்பட்டால் வலி இல்லை என்று விட்டுவிடாமல் அக்காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். காலணியை அணியுமுன் கையால் தடவிப் பார்க்க வேண்டும். சூடான நீரில் காலை வைக்குமுன் முழங்கையால் சூட்டை அறிய வேண்டும். படுக்கையில் நெடுநாள் கிடப்பவர்களுக்குக் குதிகால் படுக்கையில் அழுந்தாதவாறு கெண்டைக்காலின் கீழ் தலையணை வைக்க வேண்டும். குதிகாலின் வலி முன்பு தானாகவே செய்துவந்த காவலை, அது மறைந்தபின் கண்ணும் கையும் ஏற்றுச் செய்ய வேண்டியுள்ளது.